ஹப்பார்ட் எதிர் மிடில்பிரிட்ஜ் சிமிட்டர் வழக்கு

ஹப்பார்ட் எதிர் மிடில்பிரிட்ஜ் சிமிட்டர் வழக்கு என்பது, மீட்டமைக்கப்பட்ட பழைய பந்தயத் தானுந்து (கார்) ஒன்றின் விற்பனை தொடர்பாக இங்கிலாந்தின் உயர் நீதிமன்றத்தில் 1990ஆம் ஆண்டில் நடைபெற்ற வழக்கு ஆகும். பாகங்களில் பெரும்பாலானவை மாற்றப்பட்ட ஒரு தானுந்தை அதன் பழைய புகழ்பெற்ற பெயரில் விற்க முடியுமா என்பதே இவ்வழக்கின் மையக் கேள்வி. முடியும் என நீதிபதி ஒட்டன் தீர்ப்பளித்தார். பழம் தானுந்து வணிகத்தில் இத்தீர்ப்பு இன்றும் எடுத்துக்காட்டப்படுகிறது.

தானுந்தின் வரலாறு

வழக்குக்கு உள்ளான வண்டி "ஓல்ட் நம்பர் ஒன்" எனப்படும் பென்ட்லி ஸ்பீடு சிக்ஸ் ஆகும். பிரான்சில் நடைபெறும் லே மான் 24 மணிநேரப் போட்டியில் இது இருமுறை தொடர்ந்து வென்றது. 1929இல் வுல்ஃப் பார்னாட்டோ, டிம் பிர்க்கின் ஆகியோரும், 1930இல் பார்னாட்டோ, கிளென் கிட்ஸ்டன் ஆகியோரும் இதனை ஓட்டினர். பார்னாட்டோ அப்போது பென்ட்லி நிறுவனத்தின் தலைவராகவும் இருந்தார்.

ஸ்பீடு சிக்ஸ் வகையில் ஆறு உருளைகளும் ஏறத்தாழ 6.6 லிட்டர் கொள்ளளவும் கொண்ட பொறி பொருத்தப்பட்டிருந்தது. 1932இல் இவ்வண்டிக்கு 8 லிட்டர் பொறியும் வேறு அடிச்சட்டமும் பொருத்தப்பட்டன. அதே ஆண்டு இங்கிலாந்தின் புரூக்லண்ட்ஸ் ஓடுதளத்தில் நடந்த போட்டியில் இவ்வண்டி ஓடுதளத்தின் சரிவான விளிம்பைத் தாண்டி விழுந்ததில் ஓட்டுநர் கிளைவ் டன்ஃபீ உயிரிழந்தார். அதன் பின்னர் இவ்வண்டி மீண்டும் கட்டப்பட்டு, மூடிய உடற்கூடு பொருத்தப்பட்டது. பிற்காலத்தில் எட்வர்ட் ஹப்பார்ட் இதன் உரிமையாளரானார். அவரிடம் இருந்தபோது இது பந்தயக் காலத்துத் திறந்த தோற்றத்துக்கு மீட்டமைக்கப்பட்டது. எனினும் 8 லிட்டர் பொறி அப்படியே இருந்தது.

விற்பனையும் பிணக்கும்

1990இல் இவ்வண்டியை மிடில்பிரிட்ஜ் சிமிட்டர் நிறுவனத்துக்கு விற்க உடன்பாடு ஏற்பட்டது. மொத்த விலை ஏறத்தாழ 1 கோடி பவுண்டுகள். பின்னர் வாங்குபவர் பின்வாங்கியதால் ஹப்பார்ட் வழக்குத் தொடர்ந்தார். தமக்குத் தர முன்வந்த வண்டி உண்மையான "ஓல்ட் நம்பர் ஒன்" அல்ல என்பது வாங்குபவரின் வாதங்களுள் முதன்மையானது.

இவ்வாதத்துக்கு வலுவான அடிப்படை இருந்தது. நீதிமன்றத்தில் அளிக்கப்பட்ட வல்லுநர் சாட்சியத்தின்படி வண்டியில் எஞ்சியிருந்தவை பின்வருமாறு:

* 1929ஆம் ஆண்டு வண்டியிலிருந்து: காலத்தைக் கணிக்க இயலாத சில சிறு பொருத்திகள் மட்டும்.
* 1930ஆம் ஆண்டு வண்டியிலிருந்து: மிதித் தண்டு, பற்சக்கரப் பெட்டியின் உறை, சுக்கான் தண்டு.
* 1932ஆம் ஆண்டு வண்டியிலிருந்து: அடிச்சட்டம், வில் அமைப்பு, முன் அச்சு, 8 லிட்டர் பொறி, அளவுமானிகள் சில முதலியன.

அதாவது, லே மான் போட்டியில் ஓடிய உலோகத்தில் மிகச் சிறு பகுதியே எஞ்சியிருந்தது.

தீர்ப்பு

1990 சூலையில் வழங்கப்பட்ட தீர்ப்பில் நீதிபதி சொற்களைத் தனித்தனியே ஆராய்ந்தார். தொழிற்சாலையிலிருந்து வெளிவந்த நிலையிலேயே இல்லாததால் இவ்வண்டியை "அசல்" எனக் கூற முடியாது. அதே வேளையில், இதனை வெறும் மறுகட்டுமானம் என்றும் ஒதுக்க முடியாது. பந்தய வண்டிகளில் பாகங்களை மாற்றுவது வழக்கமான செயலே. புதிய பாகங்கள் ஒவ்வொரு கட்டத்திலும் முழு வண்டியோடு இணைந்துவிட்டன. எக்கட்டத்திலும் வண்டி தன் அடையாளத்தை இழக்கவில்லை. இப்பெயருக்கு உரிமை கோரக்கூடிய வேறு பென்ட்லி எதுவும் இல்லை. எனவே, இடையறாத வரலாற்றின் அடிப்படையில் இது உண்மையான "ஓல்ட் நம்பர் ஒன்" என அவர் முடிவு செய்தார்.

மெய்யியல் தொடர்பு

பண்டைய கிரேக்க எழுத்தாளர் புளூட்டாக் குறிப்பிட்ட "தீசியசின் கப்பல்" என்னும் புதிரோடு இவ்வழக்கு ஒப்பிடத்தக்கது. பலகைகள் ஒவ்வொன்றாக மாற்றப்பட்ட கப்பல் அதே கப்பல்தானா என்பது அப்புதிர். மெய்யியலாளர் விடையின்றி விட்டுவிடலாம். விலைப்பணம் காத்திருக்கும் வழக்கில் நீதிபதி விடை கூறியே ஆகவேண்டும்.

விற்பனையில் இதன் முக்கியத்துவம்

மாற்றியமைக்கப்பட்ட பழம் தானுந்தின் மதிப்பு அதன் உலோகத்தை மட்டுமன்றி, அதன் தொடர்ச்சியான வரலாற்றையும் சார்ந்தது என்பதை இவ்வழக்கு காட்டுகிறது. ஆகவே உரிமையாளர் பதிவுகள், அடிச்சட்ட எண், பொறி எண், பழுதுபார்ப்புச் சீட்டுகள், மீட்டமைப்பின்போது எடுத்த ஒளிப்படங்கள் ஆகியவை விற்பவருக்கு இன்றியமையாதவை. கழற்றப்பட்ட பழைய பாகங்களையும் வண்டியோடு ஒப்படைத்தல் நல்ல வழக்கமாகும். பன்னாட்டுப் பழம் வாகனக் கூட்டமைப்பு 2012இல் ஏற்றுக்கொண்ட தூரின் பட்டயமும் செய்யப்பட்ட மாற்றங்களை ஆவணப்படுத்துமாறு வலியுறுத்துகிறது.

"அசல்", "உண்மையான", "மீட்டமைக்கப்பட்ட" ஆகிய சொற்கள் ஒரே பொருளுடையன அல்ல. இவற்றுள் எதனை விற்பவர் பயன்படுத்துகிறாரோ அதற்கு அவர் பொறுப்பாகிறார். இவ்வழக்கில் ஹப்பார்ட் வென்றார் என்பதால், பாகங்கள் மாற்றப்பட்ட எந்த வண்டியும் பழைய பெயருக்கு உரியதாகிவிடாது. வரலாறு இடையில் அறுந்து, பின்னர் பழைய பாகங்கள் சிலவற்றைச் சேர்த்துக் கட்டப்பட்ட வண்டிக்கு இத்தீர்ப்பு எளிதில் பொருந்தாது என்பது குறிப்பிடத்தக்கது.