ஒரு கையும் ஒரு வகுப்புப் பயிற்சியும்

இன்றைக்குக் கொஞ்சம் நீளமான பதிவு. பொறுமையாகப் படியுங்கள். உங்களில் ஒருவருக்கு நான் சொல்ல வேண்டியது ஒன்று கடைசியில் இருக்கிறது.

போன வாரம் அக்கா மகள் வீட்டுக்குப் போயிருந்தேன். அவள் மகன் கல்லூரியில் அனிமேஷன் படிக்கிறான். "சித்தி, நீங்களாவது இவன்கிட்ட கேளுங்க. மூணு வாரமா ஒரு கையவே மூடித் திறந்துக்கிட்டு இருக்கான். இதுக்கா இவ்வளவு ஃபீஸ் கட்டுனோம்?" என்றாள். கணினியில் ஒரு மனிதக் கையை உருவாக்கி அசைத்துக் காட்டுவதுதான் அவனுக்குக் கொடுத்த பயிற்சி. அவன் சிரித்துக்கொண்டே, "பாட்டி, ஒருத்தர் காலேஜ்ல படிக்கும்போது செஞ்ச கையிலேருந்துதான் இதெல்லாம் வளர்ந்துச்சு" என்றான். நான் நம்பவில்லை. வீட்டுக்கு வந்து தேடிப் படித்தேன். அவன் சொன்னதில் நிறைய உண்மை இருக்கிறது.

அமெரிக்காவில் யூட்டா பல்கலைக்கழகம். 1965-இல் டேவிட் எவன்ஸ் என்ற பேராசிரியர் அங்கே கணினித் துறையைத் தொடங்க வந்தார். 1968-இல் ஐவன் சதர்லேண்ட் வந்து சேர்ந்தார். 1963-இல், தான் மாணவராக இருந்தபோதே, கணினித் திரையில் ஒளிப்பேனாவால் படம் வரையும் 'ஸ்கெட்ச்பேட்' என்ற முறையை உருவாக்கியவர் அவர். இந்த இருவரிடமும் படிக்க வந்தவர்களில் ஒருவர் எட் கேட்மல்.

கேட்மலுக்குச் சின்ன வயதில் டிஸ்னியில் கார்ட்டூன் வரைய ஆசை. ஆனால் அதற்கு வேண்டிய அளவு தனக்கு வரைய வராது என்று நினைத்து இயற்பியலும் கணினியும் படிக்கப் போனார். 1972-இல் ஒரு வகுப்புப் பயிற்சிக்காகத் தன் இடது கையையே எடுத்துக்கொண்டார்.

அவர் செய்த விதத்தைக் கேளுங்கள். முதலில் கையைப் பிளாஸ்டர் கலவையில் வைத்து அச்சு எடுத்தார். முன்னதாக வாஸ்லின் தடவ மறந்துவிட்டார். அச்சிலிருந்து கையை எடுக்கும்போது புறங்கை முடியெல்லாம் பிய்ந்து வந்ததாம்! அந்த அச்சில் மறுபடி பிளாஸ்டர் ஊற்றி ஒரு கை பொம்மை செய்தார். அதன் மேல் சுமார் 350 சிறு முக்கோணங்களையும் பலகோணங்களையும் வலை போலக் கறுப்புக் கோடுகளால் வரைந்தார். பிறகு ஒவ்வொரு மூலையையும் அளந்து கணினியில் ஏற்றினார்.

வரைபடத்தாளில் புள்ளி வைக்க நான் உங்களுக்குச் சொல்லிக்கொடுத்தது நினைவிருக்கிறதா? எக்ஸ் அச்சு, ஒய் அச்சு. அதோடு ஆழத்துக்கு இசட் என்று மூன்றாவது எண்ணையும் சேர்த்துக்கொள்ளுங்கள். அவ்வளவுதான். அந்தக் கை முழுவதும் எண்கள்.

கணினியில் கோடுகளால் ஆன அசையும் படங்கள் அதற்கு முன்பே உண்டு. இதுவோ ஒளியும் நிழலும் விழும் கெட்டியான கை. திரும்பியது, மூடியது, திறந்தது. கடைசியில் பார்ப்பவர்களே கைக்குள் நுழைந்து விரல்களின் உட்புறத்தைப் பார்க்கலாம். இதற்கு அவருக்குப் பத்து வாரம் ஆனது. மூன்று வாரத்துக்கே நம் வீட்டில் கோபம்!

அங்கே படித்த மற்றவர்களும் கையில் கிடைத்ததை வைத்துத்தான் கற்றார்கள். தட்டையான துண்டுகளாகத் தெரிந்த உருவத்தின் நிறத்தை வழவழப்பாக்கும் வழியை 1971-இல் கண்டுபிடித்த ஆன்ரி கூரோ, தன் மனைவியின் முகத்தில் கோடு வரைந்து அளவெடுத்தார். கேட்மலின் நண்பர் ஃபிரெட் பார்க் மனித முகத்தை அசைய வைத்தார். 1975-இல் மார்ட்டின் நியூவெல் தன் வீட்டுத் தேநீர்க் கெண்டியையே வரைந்து எண்களாக்கினார்.

கேட்மலின் பேராசிரியர்கள் அவரை டிஸ்னிக்கு அனுப்பிப் பார்த்தார்கள். கணினியில் படம் செய்வதில் அங்கே அப்போது யாருக்கும் ஆர்வமில்லை. ஆனால் 1976-இல் 'ஃபியூச்சர்வேர்ல்ட்' என்ற திரைப்படத்தில் அந்தக் கை இடம்பெற்றது. 1986-இல் பிக்சார் தனி நிறுவனமானபோது அதை நிறுவியவர்களில் கேட்மலும் ஒருவர். 1995-இல் 'டாய் ஸ்டோரி' வந்தது. 2006-இல் டிஸ்னி பிக்சாரை வாங்கியபோது டிஸ்னியின் அனிமேஷன் பிரிவுக்கே கேட்மல் தலைவரானார். அமெரிக்க நாடாளுமன்ற நூலகம் 2011-இல் அந்த மாணவப் படத்தைப் பாதுகாக்க வேண்டிய படங்களின் பட்டியலில் சேர்த்தது.

கை அசைந்தால் போதுமா? அதற்கு உயிர் வர வேண்டாமா? அதுதான் பாத்திர வடிவமைப்பு. அதிலும் ஒரு மாணவப் படைப்பு உண்டு. ஜான் லாசெட்டர் கலிஃபோர்னியாவின் கால்ஆர்ட்ஸ் கல்லூரியில் படித்தபோது 1979-இல் கையால் வரைந்து எடுத்த படத்தின் நாயகன் ஒரு விளக்கு. 1986-இல் பிக்சாரில் அவர் கணினியில் எடுத்த 'லக்ஸோ ஜூனியர்' படத்திலும் இரண்டு மேசை விளக்குகள்தான். கண் இல்லை, வாய் இல்லை. ஆனால் ஒன்று பெரியவர், ஒன்று குழந்தை என்று பார்த்தவுடன் தெரியும். எப்படி? குழந்தை விளக்கின் மூடியையும் தண்டையும் சிறிதாக்கினார், பல்பை மட்டும் அதே அளவில் விட்டார். பல்பு கடையில் வாங்குவதுதானே, அது வளராது! படம் திரையிட்டபோது கணினி வல்லுநரான ஜிம் பிளின் லாசெட்டரிடம் வந்து கேட்டாராம்: பெரிய விளக்கு அப்பாவா, அம்மாவா? தொழில்நுட்பத்தைப் பற்றி ஏதோ கேட்கப்போகிறார் என்று பயந்திருந்த லாசெட்டருக்கு, படம் வென்றுவிட்டது என்று அப்போதுதான் புரிந்ததாம்.

இதையெல்லாம் படித்த இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. ஐந்தாம் வகுப்பில் ஒரு பையன். கணக்கு நோட்டின் மூலையில் ஒவ்வொரு தாளிலும் ஒரு குச்சி மனிதனை வரைந்து வைத்திருந்தான். தாள்களைச் சரசரவென்று புரட்டினால் அந்த மனிதன் ஓடிவந்து பந்தை உதைப்பான். நாற்பது தாளாவது இருக்கும். நான் புரட்டிப் பார்த்தேன், அவன் ஓடினான், எனக்கு உள்ளுக்குள் சிரிப்புகூட வந்தது. ஆனாலும் "கணக்கு நோட்டில் பொம்மையா?" என்று வகுப்புக்கு முன்னால் அந்த நோட்டைக் கிழித்தேன். அதற்குப் பிறகு அவன் வரைந்து நான் பார்க்கவில்லை.

தம்பி, நீ இந்தப் பதிவைப் படிப்பாய் என்று தெரியும். பெயர் சொல்லவில்லை. அன்றைக்கு நான் செய்தது தப்பு. அதுவும் கணக்குதான் என்று உன் டீச்சருக்கு இத்தனை வருஷம் கழித்துத்தான் புரிந்திருக்கிறது. மன்னித்துக்கொள்.

மற்றவர்களுக்கும் ஒன்று சொல்கிறேன். உங்கள் பிள்ளை ஒரே கையை மூன்று வாரம் மூடித் திறந்துகொண்டிருந்தால் திட்டாதீர்கள். பக்கத்தில் உட்கார்ந்து, "எப்படிச் செஞ்ச?" என்று கேளுங்கள். நான் போன ஞாயிற்றுக்கிழமை கேட்டேன். ஒரு மணி நேரம் விடாமல் சொன்னான்.

அன்புடன்,
உங்கள் டீச்சர்