செஞ்சி அரண்மனையும் ஊர் விட்டுப் போன தூண்களும்

புதுச்சேரிக் கடற்கரையில் காந்தி சிலையைச் சுற்றி நெடுநெடுவென்று நிற்கும் கருங்கல் தூண்களைப் பார்க்காதவர் குறைவு. அவை செஞ்சியின் சொத்து என்று அறிந்தவர் அதைவிடக் குறைவு. செஞ்சிக் கோட்டைக்குள், அதை ஆண்ட நாயக்கர்களுள் ஒருவரான முத்தியாலு நாயக்கர் எழுப்பிய வேங்கடரமணர் கோயிலின் ஒற்றைக்கல் தூண்கள் அவை. செஞ்சியின் அழிவை ஆராய்பவர் கோட்டைக்குள் மட்டும் நின்றுவிடக் கூடாது. கல் போன வழியே தாமும் போகவேண்டும்.

16ஆம் நூற்றாண்டின் இறுதியில் செஞ்சியை ஆண்ட கிருஷ்ணப்ப நாயக்கரைக் காண வந்த சேசுசபைத் துறவி நிக்கோலா பிமெண்டா, லிஸ்பன் நீங்கலாகப் போர்ச்சுக்கலின் எந்த நகரையும்விடச் செஞ்சி பெரிது என்று எழுதிவைத்தார். பட்டு விரிப்பில், திண்டுகளில் சாய்ந்தபடி நாயக்கர் தம்மை வரவேற்றதையும் பதிவு செய்தார். கோட்டையின் ராஜகிரி மலை அடிவாரத்துக்கு இன்று போனால், கூரையும் சுவரும் அற்ற ஒரு மேடை இருக்கிறது. அதன்மேல் கருங்கல்லில் செதுக்கி வழவழப்பாகத் தேய்த்த ஒரு திண்டு. பட்டுத் திண்டு மக்கிப் போயிற்று. கல் திண்டு வெயிலில் கிடக்கிறது. பிமெண்டா கண்ட கொலுமண்டபம் இதுதான் என்று சாதிக்க நான் துணியமாட்டேன். ஆனால் அந்த அரசவையை மனத்தில் எழுப்பிப் பார்க்க இந்தக் கல்லைவிட நல்ல சான்று கோட்டையில் வேறில்லை.

அரண்மனை எப்படி அழிந்தது? பீரங்கிதான் காரணம் என்று சொல்லிவிடுவது எளிது. 1649இல் பீஜப்பூர், 1677இல் சிவாஜி, எட்டாண்டு முற்றுகைக்குப் பிறகு 1698இல் மொகலாயர் என்று கோட்டை கைமாறிக்கொண்டே இருந்தது உண்மை. புதிதாக வந்தவர்கள் ஊருக்குப் பாதுஷாபாத் என்றும் நுஸ்ரத்கட் என்றும் பெயர் வைத்தார்கள். ஆனாலும் அவர்கள் அத்தனை பேருக்கும் குடியிருக்க அரண்மனை வேண்டியிருந்தது. அடி விழுந்தது வேறு இடத்தில். 18ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் மொகலாயரின் பிரதிநிதி தாவுத் கான், இந்த ஊரின் நீரும் காற்றும் ஆகாதென்று, ஆட்சிப் பீடத்தை ஆற்காட்டுக்கு மாற்றினார். செங்கல்லும் சுண்ணாம்பும் மரமும் கொண்டு கட்டிய மாளிகைக்கு ஆள் புழக்கம்தான் உயிர். கூரையில் விழுந்த ஓட்டையை அடைக்க ஆளில்லை என்றால் மழையே இடித்துவிடும். மிஞ்சியது கல் அடித்தளம்.

அரண்மனை வளாகத்தில் கலியாண மகால் தப்பியது. முற்றத்தைச் சுற்றிச் சிறு அறைகள், நடுவே அடுக்கடுக்காக உயரும் கோபுரம். அதன் மேல்மாடி வரை மண் குழாய் வழியே தண்ணீர் ஏற்றியிருக்கிறார்கள். ஊரார் நினைவில் இதெல்லாம் தேசிங்கு ராஜனுடையது. 1714இல் ஆற்காட்டு நவாப் சாதத்துல்லா கானோடு பொருது மடிந்த அந்த இளைஞன் ஓராண்டுகூட ஆளவில்லை. நாயக்கர் கட்டியதை அவன் பெயரில் நிறுத்தியது கதைப்பாட்டு. இதைப் பிழை என்று தள்ளுவது எனக்கு உடன்பாடில்லை. அந்தப் பாட்டு இல்லாமற்போயிருந்தால் ஊர் இந்தக் கட்டடங்களை இத்தனை உரிமையோடு பேசியிராது.

1750 செப்டம்பரில் பிரெஞ்சுத் தளபதி புஸ்ஸி ஒரே இரவில் செஞ்சியைப் பிடித்தார். அடுத்து ஏறத்தாழ 11 ஆண்டுகள் அது பிரெஞ்சுக்காரர் வசம். அவர்கள்தான் தூண்களைப் புதுச்சேரிக்குக் கொண்டுபோனார்கள் என்பது வழிவழியாக வரும் செய்தி. அங்கே பிரெஞ்சு ஆளுநர் டூப்ளேயின் காலத்தில் முடிந்த மாளிகை, ஆனந்தரங்கப் பிள்ளை நாட்குறிப்பு எழுதிய நாட்களில், நகரத்துக்கே மகுடமாக இருந்தது. 1761 ஜனவரியில் புதுச்சேரி வீழ்ந்ததும் ஆங்கிலேயர் அந்த மாளிகையைத் தரைமட்டமாக்கினார்கள். பிரெஞ்சுக்காரர் கடலூரில் செயின்ட் டேவிட் கோட்டையைத் தகர்த்ததற்குப் பதிலடி அது. ஏப்ரலில் செஞ்சியும் வீழ்ந்தது.

மாளிகை போயிற்று; தூண்கள் நின்றன. 1870இல் டூப்ளேக்குச் சிலை வைத்தபோது அதற்கு அணி செய்தவை அவையே. பின்னர் அவ்விடம் காந்திக்கானது. டூப்ளே சிலை கடற்கரைச் சாலையின் தென்கோடிக்குப் போனது. செஞ்சித் தூண்கள் மட்டும் அசையவில்லை.

2025 ஜூலையில் மராட்டியப் படைத்தளங்களின் வரிசையில் செஞ்சிக் கோட்டை யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியப் பட்டியலில் இடம்பெற்றது. ஊர் விட்டுப் போன அந்தத் தூண்களின் அடியிலும் ‘செஞ்சி, வேங்கடரமணர் கோயில்’ என்று ஒரு கல்வெட்டு பளிச்சென்று தெரியும்படி இருக்கவேண்டும் என்பது என் ஆசை. மாலையில் அவற்றில் முதுகு சாய்த்துச் சுண்டல் தின்னும் பிள்ளைகள் எழுத்துக் கூட்டிப் படிப்பார்கள்.