தனிமையும் ஒப்பமும்: பெருந்தொற்றுக் காலக் கேரளத்தில் தற்கொலைத் தடுப்பின் சொல் வரலாறு

1. முன்னுரை

இந்தியாவின் முதல் கோவிட் நோயாளி 2020 சனவரி 30 அன்று கேரளத்தின் திருச்சூரில் கண்டறியப்பட்டார். நோயைத் தடுக்க எடுக்கப்பட்ட முயற்சிகளோடு, நோயினால் அன்றி மனத்துயரால் உயிர் போவதைத் தடுக்கும் முயற்சியும் அம்மாநிலத்தில் தொடக்கத்திலேயே மேற்கொள்ளப்பட்டது. தற்கொலைத் தடுப்பு பெரும்பாலும் சொல்லின் வழியே நடைபெறும் பணி. தொலைபேசியில் பேசுவோரும், அறிக்கை எழுதுவோரும், செய்தி மொழிபெயர்ப்போரும் அதில் பங்கு பெறுகின்றனர். ஆதலின் அதன் வரலாறு மொழியியலாரின் கவனத்துக்கும் உரியது. திருவனந்தபுரத்தைத் தலைநகராகக் கொண்ட அம்மாநிலத்தின் 2020-22 காலத்து முயற்சிகளை, அவற்றில் வழங்கிய சொற்களின் துணைகொண்டு இக்கட்டுரை ஆராய முற்படுகிறது.

2. தனிமை

ஆங்கிலத்தில் நோயுற்றவரைப் பிரித்து வைத்தலுக்கு ஒரு சொல்லும், நோய் ஐயம் உள்ளவரைக் குறித்த நாள்வரை விலக்கி வைத்தலுக்கு மற்றொரு சொல்லும் உண்டு. தமிழ்ச் செய்தி வழக்கில் இவ்விரண்டும் பெரும்பாலும் 'தனிமைப்படுத்தல்' என்னும் ஒரே சொல்லில் அடங்கின. 'தனிமை' என்பதோ துணையின்றி வருந்தும் மனநிலைக்கும் பெயராக அமைவது. எனவே மருத்துவ ஏற்பாட்டின் பெயரே அவ்வேற்பாட்டின் தீய விளைவையும் சுட்டுவதாயிற்று. கேரளத்து அரசு அறிக்கைகளில் 'குவாரன்டைன்' என்னும் கடன்சொல்லும், 'நிரீக்ஷணத்தில்' (கண்காணிப்பில்) உள்ளார் என்னும் தொடரும் மிகுதியாக வழங்கின. கண்காணிப்பு என்பதில் காண்பவர் ஒருவர் உளர். தனிமை என்பதில் எவரும் இலர். இவ்வேறுபாடு மொழிபெயர்ப்பாளர் எண்ணிப் பார்க்கத்தக்கது.

'சமூக இடைவெளி' என்னும் தொடரும் இத்தகையதே. உலகச் சுகாதார நிறுவனம் 2020 மார்ச் 20 அன்று, 'சமூக விலகல்' என்பதைவிட 'உடல் விலகல்' என்பதே பொருத்தம் என்று விளக்கிற்று. மக்கள் ஒருவரோடொருவர் உறவு துண்டித்துக்கொள்ள வேண்டியதில்லை என்பது அதன் கருத்து. அதே மாதத்தில் கேரள முதல்வராக இருந்த பினராயி விஜயனும், உடலால் விலகுதலையும் சமூகமாக ஒன்றுபடுதலையும் இணைத்து ஒரு முழக்கமாக முன்வைத்தார்.

3. ஒப்பமுண்டு

2020 பிப்ரவரித் தொடக்கத்தில், சீனத்தின் வூகானிலிருந்து திரும்பிய மாணவர்கள் கண்காணிப்பில் இருந்தபோது, மாவட்ட மனநலத் திட்டத்தின் வழியாக உளவியல் ஆதரவுப் பணி ஒன்று தொடங்கப்பெற்றது. அதன் பெயர் 'ஒற்றய்க்கல்ல, ஒப்பமுண்டு'. பின்னர் அது 14 மாவட்டங்களிலும் பரவியது. கண்காணிப்பில் இருந்தோர் அழைக்கும்வரை காத்திராமல், ஆலோசகர்களே அவர்களை அழைத்துப் பேசினர் என்பது இதன் சிறப்பு. துயருற்றோர் பலர் தாமாக உதவி நாடுவதில்லை. ஆதலால், யார் முதலில் பேசுவது என்னும் வினா ஈண்டு உயிர்காக்கும் வினாவாகிறது. திருவனந்தபுரத்திலிருந்து இயங்கும் 'திசா' உதவி எண்ணான 1056-உம் இப்பணியில் துணை நின்றது.

இப்பெயரின் இலக்கண அமைப்பு நோக்கத்தக்கது. 'ஒற்றய்க்கு' என்பது நான்காம் வேற்றுமை வடிவில் நின்று 'தனியாக' என வினையடைப் பொருள் தருவது. 'ஒப்பம்' மலையாளத்தில் உடனிகழ்ச்சிப் பொருளது. தமிழிலோ அது கையெழுத்தையும் உடன்பாட்டையும் குறிக்கும். எனவே வடிவ ஒப்புமையை நம்பிய மொழிபெயர்ப்பு பிழைபடும். தொடரில் எழுவாய் இல்லை. யார் உடன் உள்ளார், யாருடன் உள்ளார் என்பன கூறப்படவில்லை. 'நாங்கள் உங்களோடு இருக்கிறோம்' எனத் தமிழாக்கினால் உதவுவோர், உதவி பெறுவோர் என்னும் பிரிவு புகுந்துவிடும். இறுதியில் நிற்கும் 'உண்டு' காலம் காட்டாத குறிப்பு வினைமுற்று. இதனை முடிவில் மீண்டும் காண்போம்.

4. எட்டாத இடங்கள்

இம்முயற்சி எல்லாரையும் எட்டவில்லை. 2020 மார்ச் இறுதியில் ஊரடங்கினால் மதுக்கடைகள் மூடப்பட்டபோது, குடிநிறுத்தத்தால் உண்டாகும் உடல், மனக் குலைவுக்கு ஆளானோர் சிலர் தற்கொலையால் இறந்தனர். மருத்துவரின் பரிந்துரையின் பேரில் மது வழங்க அரசு ஆணையிட்டது. மருத்துவர் அமைப்புகள் எதிர்த்தன. ஏப்ரல் 2 அன்று கேரள உயர்நீதிமன்றம் அவ்வாணையை நிறுத்தி வைத்தது. 'குடியன்' என்று பழிக்கப்பட்டவர் மருத்துவம் வேண்டும் நோயாளியே என்பதைப் பொதுமக்கள் உணர இவ்வழக்கு ஒரு வாயிலாயிற்று எனலாம்.

சூன் 10 அன்று திருவனந்தபுரம் மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் தனிமைப் பிரிவில் ஒரே நாளில் இருவர் இவ்வாறு இறந்தனர். அரசு விசாரணைக்கு ஆணையிட்டது. சூலையில், ஊரடங்கு தொடங்கியதிலிருந்து 18 வயதுக்குட்பட்ட 66 பேர் தற்கொலையால் இறந்ததாக முதல்வர் அறிவித்தார். சிறுவருக்கெனக் காவல்துறை தொடங்கிய தொலைபேசித் திட்டத்துக்குச் 'சிரி' என்று பெயரிடப்பட்டது. சாவையோ நோயையோ சுட்டாத அப்பெயர், அழைக்கும் சிறுவரின் கூச்சத்தைக் குறைக்கும் நோக்கினது எனக் கருதலாம்.

5. கொலையும் 'ஆல்' உருபும்

தமிழின் 'தற்கொலை'யிலும் மலையாளத்தின் 'ஆத்மஹத்ய'யிலும் கொலை என்னும் பொருள் அடங்கியுள்ளது. சட்டமும் நெடுங்காலம் இப்பொருளையே தழுவி நின்றது. 1860-ஆம் ஆண்டின் இந்தியத் தண்டனைச் சட்டத்தின் 309-ஆம் பிரிவு தற்கொலை முயற்சியைக் குற்றமாக்கிற்று. 1994-இல் உச்சநீதிமன்றம் அப்பிரிவு செல்லாது என்றது. 1996-இல் மற்றொரு தீர்ப்பால் அது மீண்டும் நிலைபெற்றது. 2018 மே 29 அன்று நடைமுறைக்கு வந்த மனநலப் பராமரிப்புச் சட்டம், முயன்றவர் கடும் மனஅழுத்தத்தில் இருந்தார் என்றே முதலில் கொள்ளவேண்டும் என்றது. 2024 சூலை 1 முதல் நடப்பிலுள்ள பாரதீய நியாய சன்ஹிதாவில் பழைய 309-ஆம் பிரிவு இடம்பெறவில்லை. அரசுப் பணியாளரைக் கட்டாயப்படுத்தவோ தடுக்கவோ செய்யும் முயற்சி மட்டுமே அதில் குற்றமாக உள்ளது. சட்டம் மாறியபின்னும் சொல் மாறவில்லை. 'தற்கொலை செய்துகொண்டார்' என்பதற்கு மாற்றாகத் 'தற்கொலையால் இறந்தார்' என எழுதுவது, செய்தவர் என்னும் நிலையிலிருந்து இழக்கப்பட்டவர் என்னும் நிலைக்கு இறந்தவரை மாற்றுகிறது. 'விபரீத முடிவு' என்னும் இதழியல் வழக்கோ, சாவைத் தேர்ந்தெடுத்த தீர்வுபோல் காட்டுவதால் விலக்கத்தக்கது.

தலைப்புச் செய்திகளில் வரும் மூன்றாம் வேற்றுமை உருபும் கருதற்குரியது. 'கடன் தொல்லையால்', 'தேர்வுத் தோல்வியால்', 'கொரோனா அச்சத்தால்' என்பவற்றில் 'ஆல்' உருபு காரணப் பொருளில் நின்று, பல காரணங்கள் கூடி விளைந்த ஒன்றை ஒற்றைக் காரணத்தின் பயனாக்குகிறது. அதே கடனும் அதே அச்சமும் உடைய வாசகருக்கு அது ஒரு வழியைக் காட்டிவிடக்கூடும். ஒற்றைக் காரணம் கூறற்க, முறையை விவரியற்க, உதவி கிடைக்கும் இடத்தைக் கூறுக என்பன உலகச் சுகாதார நிறுவனம் ஊடகத்தாருக்கு வழங்கிய நெறிகளுட் சில. அந்நிறுவனத்தின் அறிக்கையைத் தழுவி 2019 செப்டம்பரில் இந்தியப் பத்திரிகை மன்றமும் நெறிமுறை வகுத்தது.

6. எண்கள் கூறுவன

தேசியக் குற்ற ஆவணக் காப்பகத்தின் கணக்குப்படி இந்தியாவில் தற்கொலை இறப்புகள் 2019-இல் 1,39,123, 2020-இல் 1,53,052. கேரளத்தில் அவை 2019-இல் 8,556, 2020-இல் 8,500. நாடு முழுதும் எண்ணிக்கை உயர்ந்த ஆண்டில் கேரளத்தில் அது உயரவில்லை. ஆயின் 2021-இல் 9,549 எனவும், 2022-இல் 10,162 எனவும் உயர்ந்தது. இலட்சம் பேருக்கு 24.0 என இருந்த வீதம் இரண்டாண்டுகளில் 28.5 ஆயிற்று. அவ்வாண்டில் நாட்டின் சராசரி 12.4.

பிறநாடுகளிலும் இதனை ஒத்த போக்குக் காணப்பட்டது. 21 நாடுகளின் தரவுகளைக் கொண்ட ஆய்வொன்று, பெருந்தொற்றின் முதல் மாதங்களில் பொதுவான உயர்வு இல்லை என 2021-இல் காட்டியது. சப்பானில் முதலில் குறைந்த எண்ணிக்கை 2020-இன் பிற்பகுதியில், குறிப்பாகப் பெண்களிடையே, உயர்ந்தது. பொது இடர் வந்த பொழுதில் மக்கள் ஒன்றுபடுவதும், அது தணிந்தபின் கடன், வேலையிழப்பு, துயரம் ஆகியவற்றைத் தனித்தனியே சுமப்பதும் இதற்கு விளக்கமாகக் கூறப்படும். தொலைபேசி முயற்சியாலேயே 2020-இல் கேரளத்தில் உயர்வு இல்லை என்று கூறின், மேற்குறித்த 'ஆல்' உருபின் பிழையையே ஆய்வாளரும் செய்தவராவார். இடருக்குரிய காலம் ஊரடங்குக் காலத்தைவிட நீண்டது என்பது மட்டும் தெளிவு.

7. முடிவுரை

'ஒப்பமுண்டு' என்பதில் காலங்காட்டும் இடைநிலை இல்லை. 'இருக்கிறோம்' என்பது நிகழ்காலத்தோடு நின்றுவிடும். 'உண்டு' அவ்வாறு நிற்பதில்லை. நாள்தோறும் வெளிவந்த நோய் அறிக்கைகள் நின்றபின்னும் அச்சொல் கூறிய உறுதி தேவைப்பட்டது என்பதையே 2021, 2022 ஆண்டுகளின் எண்கள் உணர்த்துகின்றன. 2022 அக்டோபர் 10 அன்று தொடங்கப்பெற்ற 'டெலி மானஸ்' (14416) பல இந்திய மொழிகளில் இவ்வுதவியை வழங்குகிறது. சென்னையில் 1986 முதல் 'சினேகா' இப்பணியைச் செய்துவருகிறது. இத்தகைய உதவி எண்களில் பேசுவோருக்கான தமிழ்ச் சொற்றொகுதி ஒன்றை, ஆங்கிலக் கையேடுகளை மட்டும் தழுவாமல், மலையாளம் முதலிய அண்டை மொழிகளின் பட்டறிவையும் கொண்டு உருவாக்குதல் மொழியியலாரும் மொழிபெயர்ப்பாளரும் இணைந்து ஆற்றத்தக்க பணியாகும்.