குண்டு அதிர்ச்சி: கண்ணுக்குத் தெரியாத போர்க்காயம்

குண்டு அதிர்ச்சி என்பது முதல் உலகப்போரில், வெளிக்காயம் இன்றியே நடுக்கம், பேச்சிழப்பு, பார்வைக்குறைவு, மறதி ஆகியவற்றுக்கு ஆளான படைவீரர்களின் நிலைக்கு வழங்கிய பெயராகும். 1915 பிப்ரவரியில் 'தி லான்செட்' மருத்துவ இதழில் இச்சொல்லைப் பயன்படுத்தி எழுதியவர் பிரித்தானிய உளவியலாளர் சார்லசு மையர்சு.

மூளையா, மனமா?

வெடிப்பின் அதிர்வு மூளையையே தாக்குகிறது என்றார் பிரெடரிக் மாட். பெரும்பாலோர்க்குக் காயப்பட்டது மனமே என்ற முடிவுக்கு மையர்சு வந்தார். இது வெறும் ஏட்டு விவாதம் அன்று. பகைவர் குண்டால் நேர்ந்தது எனப் பதிவானால் அது போர்க்காயம். அதற்குரிய மதிப்பும் ஓய்வூதியமும் உண்டு. இல்லையேல் வெறும் நோய். கோழை என்ற பழியும் சேரும். 1922-இல் பிரித்தானியப் போர்த்துறைக் குழு இச்சொல்லையே கைவிடப் பரிந்துரைத்தது. கோழைத்தனம், படையைவிட்டு ஓடுதல் முதலிய குற்றங்களுக்காகச் சுட்டுக்கொல்லப்பட்ட 306 வீரர்களுக்கு 2006-இல்தான் மன்னிப்புக் கிடைத்தது. அவர்களுள் சிலர் குண்டு அதிர்ச்சிக்கு ஆளானவர்கள் எனக் கருதப்படுகிறது.

பிற்கால ஆய்வுகள்

குண்டுவெடிப்புக்கு உள்ளான அமெரிக்க வீரர்கள் சிலரின் மூளைகளை அவர்கள் இறந்தபின் ஆராய்ந்தபோது, தனித்தன்மை வாய்ந்த நுண்தழும்புகள் காணப்பட்டன. இது 2016-இல் வெளியானது. ஏறத்தாழ 3,57,000 முன்னாள் அமெரிக்கப் படைவீரர்களைப் பற்றிய 2018 ஆய்வில், நினைவு தப்பாத லேசான மூளைக்காயம் பெற்றவர்களுக்கும் டிமென்சியா எனும் மறதிநோய் வரும் வாய்ப்பு இரு மடங்குக்கு மேல் இருந்தது. வாய்ப்புக் கூடுவது வேறு, நோய் வந்தே தீரும் என்பது வேறு. இரத்த அழுத்தம், செவித்திறன் குறைவு, மனச்சோர்வு ஆகியவற்றைக் கவனித்துக்கொண்டால் அவ்வாய்ப்பைக் குறைக்க முடியும். மையர்சு, மாட் இருவர் கருத்திலும் உண்மை இருந்தது; இடையில் அகப்பட்டுத் துன்புற்றவர்கள் வீரர்களே.