தளர்வு என்னும் பதிவேடு

இன்றைய அலுவலக உரையாடல் தளங்களுள் பெயர்பெற்ற ஸ்லாக், தோற்றுப்போன ஓர் இணைய விளையாட்டின் எச்சம். 'கிளிட்ச்' என்னும் அவ்விளையாட்டை உருவாக்கிய டைனி ஸ்பெக் நிறுவனத்தார் வான்கூவரிலும் சான்பிரான்சிஸ்கோவிலுமாகப் பிரிந்திருந்தனர். 1988இல் பின்லாந்தில் பிறந்த ஐ.ஆர்.சி. என்னும் இணைய அரட்டை முறையே அவர்களை இணைத்தது. அதில் இணைப்பில் இல்லாதவருக்குப் பேச்சு கிட்டாது. சொன்னது காற்றோடு போகும். ஆகவே பேச்சைச் சேமிக்கவும் தேடவும் கருவிகள் செய்துகொண்டனர். 2012இல் விளையாட்டு மூடப்பட்டது. கருவி 2014இல் ஸ்லாக்காகச் சந்தைக்கு வந்தது.

ஆங்கிலத்தில் அச்சொல்லுக்குத் தளர்வு, மெத்தனம் என்பன பொருள். எழுத்துகளுக்கு அந்நிறுவனம் தந்த விரிவோ, 'அனைத்து உரையாடலுக்கும் அறிவுக்குமான தேடத்தக்க பதிவேடு'. ஒரே பெயரில் இரு எதிர்ப்பொருள்கள்! ஊழியர் முதற்பொருளை நம்பி எழுதுகிறார். நிறுவனம் இரண்டாவதைப் படிக்கிறது. தேநீர் வேளைப் பேச்சின் நடையில் எழுதப்படுவது கோப்பாகிவிடுகிறது. கோப்பு என்று அறிந்திருந்தால் அந்நடையில் எவர் எழுதுவார்? தனிச் செய்திகளைத் தரவிறக்கும் வசதியை நிறுவனம் இயக்கினால், முன்பு ஊழியர்களுக்கு அறிவிப்பு சென்றது. 2018இல் ஸ்லாக் அவ்வழக்கத்தைக் கைவிட்டது. சட்டம் கட்டாயப்படுத்தாத இடங்களில், தெரிவிப்பது முதலாளியின் விருப்பமாயிற்று.