வானியல் அலகு

வானியல் அலகு, பூமிக்கும் சூரியனுக்கும் இடையிலுள்ள சராசரித் தொலைவிலிருந்து பிறந்த நீள அலகு. இதன் மதிப்பு 14,95,97,870.7 கி.மீ. தொடக்கநிலை வானியல் பாடத்தில் வரும் அண்ட மாதிரிகளையும் அளவீட்டு முறைகளையும் இந்த ஓர் அலகின் வரலாற்றைக் கொண்டே கோத்துப் படிக்கலாம்.

பழங்காலம்: கி.மு. 3ஆம் நூற்றாண்டில் சாமோஸ் தீவின் அரிஸ்டார்கஸ், சந்திரன் சரிபாதி ஒளிரும்போது சூரியன், சந்திரன், பூமி மூன்றும் செங்கோண முக்கோணமாக அமைவதைக் கண்டார். பூமியிடத்துக் கோணம் 87° எனக் கொண்டு, சூரியன் சந்திரனைவிட 18 முதல் 20 மடங்கு தொலைவில் உள்ளது என்றார். உண்மைக் கோணம் 89.85°; தொலைவு ஏறத்தாழ 390 மடங்கு. அவருடைய வடிவியல் பிழையற்றது. சந்திரன் சரிபாதியாகும் கணத்தை வெறுங்கண்ணால் துல்லியமாகக் குறிக்க இயலாததே இடர். பூமியை மையமாக வைத்த தாலமி, கி.பி. 2ஆம் நூற்றாண்டில், சூரியனின் தொலைவைப் பூமி ஆரத்தின் 1,210 மடங்கு என்று கணித்தார். சரியான மதிப்பு ஏறத்தாழ 23,500 மடங்கு.

சூரியமைய மாதிரி: கோப்பர்நிக்கஸின் நூல் 1543இல் வெளிவந்தது. சூரியனை மையத்தில் வைத்ததும் கோள்களின் தொலைவு விகிதங்கள் தாமாகவே கிடைத்தன. வெள்ளி சூரியனிலிருந்து சுமார் 46° வரைதான் விலகித் தெரிகிறது. அந்தக் கோணத்தின் சைன் மதிப்பான 0.72தான் வானியல் அலகில் வெள்ளியின் தொலைவு. கோளின் சுற்றுக்கால வர்க்கம் அதன் சராசரித் தொலைவின் கனத்துக்கு நேர்விகிதத்தில் இருக்கும் என்ற கெப்ளரின் மூன்றாம் விதி 1619இல் வெளியானது. இவ்வாறு சூரியக் குடும்பத்தின் வரைபடம் தயாராயிற்று. அதற்குரிய அளவுகோல்தான் இல்லை. ஏதேனும் ஒரு தொலைவைக் கிலோமீட்டரில் அளந்துவிட்டால் எல்லாத் தொலைவுகளும் தெரிந்துவிடும்.

அளவீடுகள்: 1672இல் பாரிஸிலிருந்து காசினியும் தென் அமெரிக்காவின் கயேனிலிருந்து ரிஷேவும் செவ்வாயை நோக்கி, அதன் இடமாறு தோற்றத்தை, அதாவது நோக்கும் இடம் மாறும்போது அது இடம்பெயர்ந்து தெரியும் கோணத்தை, அளந்தனர். சூரியத் தொலைவு ஏறத்தாழ 14 கோடி கி.மீ. எனக் கிடைத்தது. வெள்ளி சூரிய வட்டைக் கடப்பதைப் பூமியின் பல இடங்களிலிருந்து நோக்கினால் மேலும் துல்லியம் கிட்டும் என 1716இல் ஹாலி விளக்கினார். 1761, 1769 கடப்புகளுக்காக அறிஞர்கள் உலகெங்கும் பயணம் செய்தனர். பிரெஞ்சு வானியலாளர் லெ ஜான்டி புதுச்சேரியை நோக்கிப் புறப்பட்டார். ஆனால் அந்நகர் ஆங்கிலேயர் வசமானதால் முதல் கடப்பன்று அவர் நடுக்கடலில் இருந்தார்; ஆடும் கப்பலில் அளவீட்டுக்கு வழியில்லை. எட்டாண்டு காத்திருந்து புதுச்சேரியிலேயே இரண்டாம் கடப்பை எதிர்நோக்கியபோது மேகம் மறைத்துவிட்டது. 1874 கடப்பைப் பற்றிச் சென்னை வானாய்வகத்தின் சிந்தாமணி ரகுநாதாச்சாரி பொதுமக்களுக்கு விளக்கநூல் எழுதினார்.

தற்காலம்: 1961இல் வெள்ளிக்கு ரேடார் அலைகளை அனுப்பி, அவை எதிரொலித்துத் திரும்பும் நேரத்தைக் கொண்டு தொலைவைக் கணித்தனர். முந்தைய முறைகள் எட்டாத துல்லியம் இதில் கிடைத்தது. 2012இல் பன்னாட்டு வானியல் ஒன்றியம் இந்த அலகைச் சரியாக 1,49,59,78,70,700 மீட்டர் என வரையறுத்தது. ஒளி இத்தொலைவைக் கடக்க ஏறத்தாழ 499 விநாடி ஆகும்.

விண்மீன்களின் தொலைவுக்கும் இதுவே அடித்தளம். பூமியின் சுற்றுப்பாதையை அடிக்கோடாகக் கொண்டு 1838இல் பெசல் 61 சிக்னி விண்மீனின் இடமாறு தோற்றத்தை அளந்தார். இடமாறு கோணம் 1 வில்விநாடியாக உள்ள விண்மீனின் தொலைவு 1 பார்செக். அது 2,06,265 வானியல் அலகுக்குச் சமம்.