தீர்வை என்ற மூன்றாவது நெடுவரிசை

புள்ளிவிவர மென்பொருளில் சூத்திர நெடுவரிசைனு ஒன்று உண்டு. எண்களை நாம நிரப்ப வேண்டாம். ஒருமுறை சூத்திரத்தை எழுதிட்டா எல்லா வரிசைக்கும் விடை தானாக வரும். 1989ல் வெளியான ஜேஎம்பி இதற்குப் பெயர் போனது. இதே கணக்கை ஒரு மாவட்டத்துக்கே போட்ட கதை சேலத்தில் இருக்கு.

1792ல் ஸ்ரீரங்கப்பட்டணம் உடன்படிக்கையில் சேலமும் பாராமகாலும் திப்புவிடமிருந்து கம்பெனி கைக்கு வந்தன. பொறுப்பேற்ற கேப்டன் அலெக்சாண்டர் ரீட், தாமஸ் மன்றோ முதலான உதவியாளர்களை வைத்து வயல் வயலாக அளந்தார். சுருக்கமா சொன்னா, முதல் நெடுவரிசை பரப்பு. இரண்டாவது, மண்ணைப் பார்த்துப் போட்ட வீதம். இரண்டையும் பெருக்கினா தீர்வை.

கவனிங்க: பரப்பு அளந்தது, வீதம் மனிதர் மதிப்பிட்டது. பெருக்கின பிறகு அந்த வித்தியாசம் கண்ணுக்குத் தெரியாது. வீதம் ஏறிப்போனா ஒருத்தர் மட்டுமா பாதிக்கப்படுவார்? அந்த வகை மண் வைத்திருந்த அத்தனை பேரும் கூடுதலா கட்டணும். ஒரு வயலின் தொகையைத் திருத்தினா தீராது, சூத்திரத்தையே மாத்தணும்.

மன்றோ பிற்பாடு பெல்லாரி, கடப்பை பக்கம் கலெக்டராக இருந்தார். அங்கே தீர்வையை 25 சதவீதம் குறைக்கணும்னு 1807ல் எழுதினார். அது நடைமுறைக்கு வந்தது 1820ல் அவரே சென்னை கவர்னரான பிறகுதான். 

அதனால விடையை நம்புறதுக்கு முன்னாடி சூத்திரத்தைத் திறந்து பாருங்க. அதில் எது அளந்தது, எது யாரோ மதிப்பிட்டது?